ஒரு கூரையின் கீழ் இரு நிலைப்பாடுகள்

"உங்கள் வீட்டின் நிலைப்பாடு என்ன?" புலம்பெயர்ந்த மண்ணில், கொண்டாட்டங்களிலும் செத்தவீடுகளிலும் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. பெரும்பாலும் கணவரைப் பார்த்தே கேட்பார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு நிலைப்பாடுதான், அதுவும் குடும்பத் தலைவருடையதுதான் என்பது அவர்களது எண்ணம். எங்கள் வீட்டிலோ திருமணமான நாள் தொட்டு இரண்டு இருக்கின்றன.

1987ஆம் ஆண்டு இலங்கை - இந்திய ஒப்பந்தத்தின் வழிவந்த மாகாணசபை முறையைக் கைவிடலாகாது என்பவர் எங்களில் ஒருவர். கிடைத்ததைப் பற்றிக்கொண்டு மேலும் கேட்க வேண்டும் என்பது அவர் வாதம். காணி, பொலிஸ் அதிகாரங்கள் சட்டத்தில் எழுதப்பட்டும் சபைகளின் கைக்கு வரவில்லையே என்பார் மற்றவர். வடக்கு கிழக்கு இணைப்பும் 2006இல் நீதிமன்றத் தீர்ப்போடு போயிற்றே என்பார். இவர்களுள் எவர் கணவர், எவர் மனைவி என்பதை இங்கு எழுதப்போவதில்லை. தெரிந்தால் கருத்தை விட்டுவிட்டு ஆளை எடைபோடத் தொடங்கிவிடுவோர் பலர்.

ஊரில் பிணக்கு வந்தால் நாலு நாள் தாய்வீட்டில் இருந்துவிட்டு வரலாம். பெரியவர்கள் இடையில் நின்று பேசித் தீர்ப்பார்கள். இங்கு வந்த புதிதில் எங்களுக்கு இருந்தவை இரண்டு அறைகள்; வெளியே பனி. சகோதரங்களோ நாட்டுக்கு ஒருவராகச் சிதறியிருந்தனர். ஆகவே வழக்கை நாங்களே விசாரிக்க வேண்டியதாயிற்று.

விசாரித்தபோது ஒன்று தெளிவாயிற்று. எங்கள் கருத்துகள் நூல்களிலிருந்து வந்தவையல்ல. 1987 ஒக்டோபரில், யாழ்ப்பாணத்தில் இந்தியப்படையின் ஷெல்வீச்சுக்கு அஞ்சிப் பதுங்குகுழியில் கிடந்தவர் ஒருவர். ஒப்பந்தம் என்ற சொல் அவருக்கு அந்தக் குழியையே நினைவூட்டுகிறது. 1990இல் கிழக்கில் படையினர் கொண்டுசென்ற தமையனுக்காக வாசலைப் பார்த்திருந்த வீட்டில் வளர்ந்தவர் மற்றவர். இன்னொரு வீட்டில் ஒரு தமையன் தொலையாதிருக்க உதவுமானால், எத்தகைய தீர்வும் அவருக்கு ஏற்புடையதே.

அதன்பின் சில ஒழுங்குகளை வகுத்துக்கொண்டோம். ஒருவர் இழந்த உறவை மற்றவர் வாதத்திற்கு இழுப்பதில்லை. அரசியல் பணிகளுக்குக் குடும்பப் பணத்திலிருந்து கொடுப்பதாயின் இருவரும் உடன்பட வேண்டும். பிள்ளைகள் கேட்டால் இரண்டு பக்கத்தையும் சொல்ல வேண்டும்.

2009 மே மாதத்தில் எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாட்கள் இருந்தன. அந்நாட்களில் எங்களில் எவரும் "நான் அப்போதே சொன்னேனே" என்று சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தை வெளிவந்திருந்தால் இந்த இல்லறம் நிலைத்திராது என்றே இன்றும் எண்ணுகிறோம்.

வாதம் ஓய்ந்துவிடவில்லை. 2024 ஜனாதிபதித் தேர்தலில் தமிழ்ப் பொதுவேட்பாளருக்கு வாக்களிப்பதா என்று இரண்டு இரவுகள் வாதிட்டோம். எங்கள் இருவருக்குமே அங்கு வாக்கில்லை!

வீட்டின் அமைதி கெடக்கூடாதென்று, ஒருவர் வாயை மூடிக்கொண்டே காலம் கழிக்கும் குடும்பங்கள் எங்களைச் சுற்றிப் பல. அவர்களுக்கு நாங்கள் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: உங்கள் துணையின் கருத்தை மறுப்பதற்கு முன், அது எந்த ஊரில், எந்த ஆண்டில் பிறந்தது என்று ஒருமுறை கேளுங்கள். பதில் நீளமாக இருக்கும். பொறுமையோடு கேளுங்கள்.