மெர்சிங் சாலையில்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த மார்ச்சுத் திங்களில் யானும் என் வாழ்க்கைத் துணைவியாரும் ஜொகூர் பாருவிலிருந்து மெர்சிங்குக்கு மோட்டாரிற் சென்றோம். புறப்பட்டது இராகு காலம். அண்டை வீட்டு அம்மையார் சக்கரத்தின்கீழ் வைக்க எலுமிச்சம்பழத்துடன் ஓடிவந்தார். துணைவியார் அதை வாங்கிப் பானகத்துக்கென்று பைக்குள் வைத்துக்கொண்டார். வண்டியை ஓட்டியவரும் அவரே.

கோத்தா திங்கியைக் கடந்தபின் மூன்றாம் எண் சாலையின் இருமருங்கும் செம்பனை. அது விட்ட இடங்களிற் காடு. யானைகள் கடக்குமிடமென்று எச்சரிக்கும் பலகைகளும் உண்டு.

"யானைக்குக்கூட வழி குறித்திருக்கிறார்கள்" என்றார்.

அவர் பிறந்தது இச்சாலையோரத்து ரப்பர்த் தோட்டமொன்றில். கடல் அங்கிருந்து 30 கல் தொலைவே. ஆயினும் 52 வயதுவரை அதனைக் கண்டாரில்லை! விடியுமுன் பிரட்டு, பின்னர்ப் பால்வெட்டு, அந்தியில் அடுப்பு. அவர்தம் தாய்க்கு வாய்த்த உலகம் அவ்வளவே. ஆடவர்க்கேனும் கள்ளுக்கடைவரை ஒரு வழியிருந்தது.

1929-இல் பெரியார் மலாயாவுக்கு வந்தபோது நாகம்மையாரும் உடன் வந்தார். அதனைப் பெருமையாய்ப் பேசும் நம்மில் எத்தனை பேர் மனைவியுடன் ஊர் பார்க்கப் புறப்பட்டோம்? பெண்ணுரிமை பற்றி மேடையேறிய யானே முப்பதாண்டு வாளாவிருந்தேன்.

மெர்சிங் கரையில் துணைவியார் முழங்காலளவு நீரில் நெடுநேரம் நின்றார்.

"அம்மாவை ஒருநாள் அழைத்து வந்திருக்கலாமே" என்றார். அவ்வம்மையார் மறைந்து ஆறாண்டுகள் ஆயின. யான் விடை கூறவில்லை. கரையேறியதும் அவர் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, எனக்கும் ஒரு குவளை தந்தார்.