லிங்கி சாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

சென்ற பள்ளி விடுமுறையில் என் தாயாரை அழைத்துக்கொண்டு சிரம்பானிலிருந்து ரந்தாவ் வழியாக லிங்கிப் பக்கம் போய்வந்தேன். தாம் பிறந்த தோட்டத்தை ஒரு முறை பார்த்துவிட வேண்டுமென்பது அம்மாவின் நெடுநாள் ஆசை.

ரப்பர் மரங்கள் நிரை பிடித்து நின்ற இடமெல்லாம் இன்று செம்பனை. அதற்கப்பால் புதிய வீடுகள். லயம் இருந்த மேட்டில் பழைய கிணறு ஒன்றும், முனியாண்டி சாமிக்கு நட்ட சூலமும்தான் மிச்சம். சூலத்தடியில் சூடம் ஏற்றிவிட்டு அம்மா மெல்லப் பேச்செடுத்தார்.

"அப்போ எனக்குப் பத்து வயசு இருக்கும். சங்கத்துக்காரங்க வந்து, பங்கு நூறு வெள்ளி, மாசம் பத்து வெள்ளியா கட்டலாம்னாங்க. உன் தாத்தா கேட்கலை. நம்ம காசு நம்ம மடியிலேயே இருக்கட்டும்னுட்டார்."

அடுத்த ஆண்டே தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டது. பால் வாளியையும் உளியையும் ஒப்படைத்துவிட்டு, குடும்பம் வீட்டைக் காலி செய்தது.

அம்மா சொன்ன சங்கம், 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். தோட்டத் துண்டாடலால் பாட்டாளிகள் தெருவுக்கு வந்த காலம் அது. அமைச்சராயிருந்த அவர் தோட்டந்தோட்டமாகச் சென்று பங்கு சேர்த்தார். 1961-இல் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. மரம் வெட்டியவர்களே தோட்டத்தின் பங்குதாரர் ஆனார்கள். தாத்தாவின் ஒரு பங்கு எங்கள் தோட்டத்தைக் காப்பாற்றியிருக்குமென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவரைப்போல் எத்தனை பேர் ஒதுங்கி நின்றார்களோ!

திரும்பும் வழியில் தேநீர்க் கடையில் அமர்ந்து, வகுப்பில் நான் சொல்லும் பருத்திக் கதையை அம்மாவுக்குச் சொன்னேன். நாம் உடுத்தும் சட்டைக்குப் பஞ்சு விளைவிப்பவர்களில் பலர் இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருக்கும் ஏழைகள். பணக்கார நாடுகள் தம் விவசாயிகளுக்குக் கொடுக்கும் மானியத்தால் பஞ்சு விலை சரிகிறதென்று 2003-இல் மாலி, புர்கினா பாசோ, பெனின், சாட் ஆகிய நான்கு ஆப்பிரிக்க நாடுகள் உலக வணிக அமைப்பில் முறையிட்டன.

அத்தகைய சிறு விவசாயிகளுக்காகத்தான் நியாய வணிகம் என்றொரு முறை வந்தது. விவசாயிகள் சங்கமாகச் சேர வேண்டும். சந்தை விழுந்தாலும் குறைந்தபட்ச விலை ஒன்று உண்டு. சந்தை உயர்ந்தால் உயர்ந்த விலையே கிடைக்கும். அதற்குமேல் சங்கத்துக்குத் தனியாக ஒரு தொகை. அதைக் கிணறு வெட்டவா, பள்ளிக்கூடம் கட்டவா என்று உறுப்பினர்களே கூடி முடிவு செய்வார்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் இம்முறை நடக்கிறது.

"அப்போ அவங்க கஷ்டம் தீர்ந்திடுச்சாய்யா?" என்று கேட்டார் அம்மா.

"இல்லைம்மா. வாங்குகிறவர்கள் போதாது. விளைந்ததில் ஒரு பங்குதான் அந்த விலைக்குப் போகிறது. மீதி பழைய சந்தைக்குத்தான்."

அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "பரவாயில்லை. விலையைக் கேட்கிற இடத்திலாவது உட்கார்ந்திருக்காங்களே. உன் தாத்தா காலத்திலே நாம வாசல்லேயே நின்னுட்டோம்" என்றார்.

தனிமரம் தோப்பாகாது என்பார்கள். தோப்பே இல்லாமற்போன மேட்டைப் பார்த்து வந்த அன்றுதான், அந்தப் பழமொழி எனக்கு உண்மையாகவே புரிந்தது.