தபால்காரனின் தோளும் பைக்கின் ஹேண்டில்பாரும்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் மகன் செந்திலைப் பற்றிய இரண்டு கவலைகளுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். எஞ்சினியரிங் படித்தவன் பென்சில்வேனியாவில் போய்த் தபால் போடுகிறானே என்பது ஒன்று. கையில் காசு வந்ததும் ரேஸ் பைக் வாங்கப் பார்க்கிறானே என்பது இன்னொன்று.

முதலில் வேலையைச் சொல்கிறேன். இங்கே தபால் துறையில் சேரக் குடியுரிமை வேண்டும், இல்லையென்றால் கிரீன் கார்டு வேண்டும். எச்-1பி விசாவில் வந்த ஐ.டி. பிள்ளைகள் இதற்கு விண்ணப்பிக்கவே முடியாது. கல்யாணத்தால் கிரீன் கார்டு கிடைத்ததால் இவனுக்கு வழி பிறந்தது. ஆன்லைனில் 474 என்றொரு தேர்வு வைக்கிறார்கள். இப்படியொரு சிக்கல் வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டுக் கேட்டு ஆளின் குணத்தைத் துருவுகிற தேர்வு அது. பிறகு டிரைவிங் ரெக்கார்டு, போலீஸ் ரெக்கார்டு எல்லாம் பார்க்கிறார்கள்.

சேர்ந்ததும் 'சி.சி.ஏ.' என்ற உதவியாளர் பதவி. மணிக்கணக்குச் சம்பளம், பென்ஷன் கிடையாது, சொந்த ரூட்டும் கிடையாது. யார் லீவோ அவருடைய தெருக்கள் இவன் தலையில். 2013 முதல் ஞாயிற்றுக்கிழமையும் அமேசான் பார்சல் போகிறது. அந்த ஞாயிறுகளும் பெரும்பாலும் இவர்களுக்குத்தான். பலர் இந்தக் கட்டத்திலேயே விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். 24 மாதம் தாக்குப்பிடித்தால் நிரந்தரம். பென்ஷன் கணக்கு தொடங்கும், சீனியாரிட்டி ஓட ஆரம்பிக்கும். நல்ல ரூட் ஒன்று காலியானால், கேட்பவர்களில் யார் சீனியரோ அவருக்கே கிடைக்கும். செந்தில் இப்போது ரெகுலர்.

இந்த உரிமைகள் சும்மா வந்துவிடவில்லை. 1970 மார்ச்சில் நியூயார்க் தபால்காரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்க, நாடு முழுக்க அது பரவியது. அதிபர் நிக்சன் ராணுவத்தை அனுப்பிக் கடிதம் பிரிக்கச் சொல்லிப் பார்த்தார். அதே ஆண்டு வந்த சட்டம்தான் சம்பளத்துக்காகப் பேரம் பேசும் உரிமையைத் தொழிற்சங்கத்துக்குக் கொடுத்தது.

ஆகவே வேலையில் குறையில்லை. உடம்புதான் தாங்க வேண்டும். தோள் பையில் 35 பவுண்டு வரை, அதாவது 16 கிலோ. ஒரு பார்சல் 70 பவுண்டு வரை இருக்கலாம். 1987 முதல் 1994 வரை செய்த வேன்கள் இன்னும் ஓடுகின்றன, அவற்றில் ஏ.சி. கிடையாது. ஊரெல்லாம் ஸ்டீயரிங் இடது பக்கம் என்றால், அந்த வேனில் மட்டும் நம்மூர் மாதிரி வலது பக்கம். சாலையோரப் பெட்டிக்குள் உட்கார்ந்தபடியே கடிதம் போட வேண்டுமே! நாள் முழுக்க ஜன்னலுக்கு வெளியே நீள்வது வலது கை. பைக்கில் ஆக்சிலரேட்டரைத் திருகுவதும் அதே கை.

பைக் விஷயத்தில் நான் அவனிடம் பேசியது இங்கிருந்துதான். அவன் ஆசைப்பட்டது யமஹா ஆர்6. 599 சி.சி., இருக்கை உயரம் 850 மில்லிமீட்டர். ஹேண்டில்பார் தாழ்ந்து, கால் வைக்கும் இடம் பின்னால் தள்ளி இருக்கும். ரேஸ் டிராக்கில் வேகம் ஏற ஏறக் காற்று நெஞ்சைத் தாங்கிக்கொள்ளும், அங்கே அந்த அமைப்புக்கு அர்த்தம் உண்டு. சிக்னலுக்குச் சிக்னல் நிற்கிற ஊருக்குள் மேலுடம்பின் பாரம் முழுக்க மணிக்கட்டில் இறங்கும். அவன் போக நினைக்கும் டெலவேர் ஆற்றோரத்து 32-ஆம் எண் சாலையோ குறுகலானது, வளைந்து வளைந்து போவது. மெதுவாகப் போனால்தான் அதற்கு அழகு.

ஷோரூமில் ஒரு சோதனை செய்யச் சொன்னேன். வண்டியை ஸ்டாண்டில் நேராக நிறுத்தி, ஏறி உட்கார்ந்து, ஹேண்டில்பாரிலிருந்து இரண்டு கையையும் எடுத்துப் பார். முதுகு தானாக நின்றால் அது உன் வண்டி. முன்னால் சரிந்தால் உன் மணிக்கட்டுதான் தூண். ஹோண்டா சி.பி.ஆர்.650ஆர் நான்கு சிலிண்டர், சத்தமே சங்கீதம். ஆனாலும் கொஞ்சம் குனிய வைத்தது. கவாசாகி நிஞ்ஜா 1000எஸ்.எக்ஸ். நெடும்பயணத்துக்கு அருமை, முதல் பெரிய வண்டியாக வாங்க எடையும் விலையும் அதிகம். நிஞ்ஜா 650-இல் இருக்கை 790 மில்லிமீட்டர், ஹேண்டில்பார் உயரம், இரட்டை சிலிண்டர் எஞ்சின் குறைந்த வேகத்திலும் முரண்டு பிடிக்காது. பார்வைக்கு ஸ்போர்ட்ஸ் பைக்கேதான். மனம் அதில் நின்றுவிட்டது.

லைசென்ஸுக்கு முன் பயிற்சி வகுப்பில் சேரச் சொல்லியிருக்கிறேன். இந்த மாநிலத்தில் 21 வயதைத் தாண்டியவர் அந்தப் பயிற்சியை முடித்துவிட்டால் ஹெல்மெட் கட்டாயமில்லை. சட்டம் விட்டாலும் மாமா விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நீயும் போனில் "பைக் வேண்டாண்டா" என்று ஆரம்பிக்காதே. "ஹெல்மெட் வாங்கிட்டியா?" என்று கேள். வேண்டாம் என்றால் நம்மிடம் சொல்லாமல் வாங்கிவிடுவான். ஹெல்மெட்டைக் கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

அன்புடன்,
உன் தம்பி