பொழியூர்ப் பாரும் கண்ணாடித் தொட்டியும்

நாகர்கோயிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் நெடுஞ்சாலையில் மார்த்தாண்டம், குழித்துறை ஆகிய ஊர்களைக் கடந்தால் களியக்காவிளை வருகிறது. அவ்வூர்ச் சந்தையின் இரைச்சல் காதை விட்டு நீங்குமுன்னரே தமிழ்நாட்டின் எல்லை முடிந்து கேரளம் தொடங்கிவிடுகிறது. முதலில் பாறசாலை, அதற்கப்பால், நெய்யாற்றின் கரையில் அமைந்து அதனையே பெயராகவும் கொண்ட நெய்யாற்றின்கரை. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று விளவங்கோடு வட்டம் சென்னை இராச்சியத்தோடு சேர்ந்தது. அடுத்திருந்த நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அதற்கு முன் இரண்டும் திருவிதாங்கூர்ச் சீமையின் அண்டை வட்டங்களே. ஆதலின் இங்கே பெண் கொடுத்ததும் கொண்டதும் எல்லைக்கோட்டைக் கேட்டு நடந்தவை அல்ல. மரச்சீனியும் மீன்கறியும் இருபுறத்தும் ஒன்றே. பேச்சும் பெரும்பாலும் ஒன்றே. "கொள்ளாம்" என்று ஒருவர் சொன்னால் அவர் எந்தப் பக்கத்தவர் என்று என்னால் இன்றும் சொல்ல இயலாது.

இவ்வூர்களின் மொழியைப் பற்றிப் பிறிதொரு முறை எழுதலாம். சென்ற விடுமுறையில் நான் அங்குச் சென்றது ஒரு மீனைப் பற்றித் தெரிந்துகொள்வதற்காக.

நம் சங்கத்து அன்பர்கள் பலருடைய இல்லங்களில் கண்ணாடித் தொட்டியும் அதில் நீந்தும் வண்ணமீன்களும் இருக்கக் காண்கிறேன். முற்றம் இல்லாத அடுக்குமாடி வீட்டில் குழந்தைகளுக்கு வேறு உயிரினத்தைக் காட்டுவது எளிதன்று. 2003ஆம் ஆண்டில் 'ஃபைண்டிங் நீமோ' என்ற திரைப்படம் வெளிவந்த பின், ஆரஞ்சு மேனியில் வெள்ளைப் பட்டை கட்டிய அந்தக் கோமாளி மீனே வேண்டும் என்று கேட்காத குழந்தை இல்லை. என் மகளும் கேட்டாள். ஒரு கடையில் தொட்டி, உப்புப் பொட்டலம், இரண்டு மீன்கள் யாவற்றையும் ஒரே நாளில் வாங்கி, அன்று மாலையே நீரை நிரப்பி மீன்களையும் விட்டோம். நான்காம் நாள் ஒன்றும் ஆறாம் நாள் மற்றொன்றும் மடிந்தன. "நாம் என்னப்பா தப்பு செய்தோம்?" என்று அவள் கேட்டபோது எனக்கு விடை தெரியவில்லை. கடைக்காரரும் "சில மீன் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டார்.

பாறசாலையிலிருந்து தென்மேற்கே, தென்னந்தோப்புகளினூடே இறங்கும் சாலை பொழியூரில் கடலைத் தொடுகிறது. கேரளக் கரையின் தென்கோடி இதுவே. கிழக்கே அடுத்த ஊராகிய நீரோடி தமிழ்நாட்டைச் சேர்ந்தது. அண்மை ஆண்டுகளில் அலை ஏறி வந்து இக்கரையில் பல வீடுகளைக் கொண்டுபோயிருக்கிறது. இடிந்த சுவர்களுக்கிடையே வலை உலர்த்தியிருந்தார்கள். அங்கே, மீன்பிடிக் கூடுகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஒரு முதியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். உட்புகும் வாய் உண்டு, வெளியேறும் வழி எளிதில் புலப்படாது என்ற வகையில் முடையப்பெற்ற கூடு அது. இரையை வைத்துப் பாரின்மேல் இறக்கினால் கலவாமீனும் இறாலும் உள்ளே புகுந்து அகப்படும்.

'பார்' என்பது கடலடியில் கிடக்கும் பாறைத்தொடர். முத்துக்குளிப்பார் 'முத்துப்பார்' என்று சொன்னார்களே, அதே சொல்தான். பொழியூரிலிருந்து விழிஞம் வரையுள்ள கடலில் இத்தகைய பார்கள் பல உண்டு. கடற்பஞ்சும் மென்பவளமும் சிப்பியும் அப்பாறைகளில் பற்றி வளர்கின்றன. அவற்றை நாடிச் சிறு மீன் வருகிறது. சிறு மீனை நாடிப் பெரு மீன் வருகிறது. நீருக்கு மேலே எவ்வித அடையாளமும் கிடையாது. இருந்தும் இவர்கள் இடம் தவறுவதில்லை. கரையில் தெரியும் ஒரு தேவாலயக் கோபுரத்தையோ உயர்ந்த தென்னையையோ, அதற்குப் பின்னால் தொலைவில் தெரியும் மலைமுகடு ஒன்றோடு நேர்கோட்டில் வைத்துப் பார்க்கிறார்கள். வேறொரு திசையிலும் அவ்வாறே ஓர் இணையைப் பிடிக்கிறார்கள். இரு கோடுகளும் வெட்டுமிடத்தில் தோணி நின்றால் கீழே பார் இருக்கும். இம்முறைக்குக் 'கணிச்சம்' என்று பெயர். கருவிகள் வந்துவிட்ட இந்நாளிலும் முதியவர் தம் கணிச்சத்தையே நம்புவதாகச் சொன்னார். எந்த மலை, எந்தக் கோபுரம் என்று கேட்டேன், சிரித்தாரேயன்றிச் சொல்லவில்லை. சொத்துப் பத்திரத்தை வழிப்போக்கனிடம் எவரே காட்டுவர்!

அன்று அவர் கொணர்ந்த கூட்டில் கலவாமீன்களோடு இரண்டு வண்ணமீன்களும் கிடந்தன. ஒன்று வண்ணத்துப்பூச்சி மீன். மற்றொன்று கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாகப் பட்டையிட்டு, முதுகுத் துடுப்பின் ஒரு கதிர் வெண்கொடி போல் நீண்டிருந்த மீன். "இதையெல்லாம் தின்பதுண்டா?" என்றேன். "கண்ணுக்குக் கொள்ளாம் மக்களே, கறிக்குக் கொள்ளாது" என்றார். உயிரோடிருந்தால் கடலிலேயே விட்டுவிடுவாராம்.

கொடி நீண்ட மீன் என்றேன். அதில் இரு வகை உண்டு. ஹெனியோக்கஸ் என்னும் கொடிமீன் ஒருவாறு தொட்டி வாழ்வுக்கு இணங்கும். அதனோடு தோற்றத்தில் பெரிதும் ஒத்த மூரிஷ் ஐடல் இணங்காது. கடற்பஞ்சை மேய்ந்து திரிந்து பழகிய அம்மீன், தொட்டியில் இடும் தீனியைப் பெரும்பாலும் தொடாமலே மெலிந்து மடியும். நம் குழந்தைகள் பார்த்த அந்தத் திரைப்படத்திலேயே தொட்டியிலிருந்து தப்பிக்கச் சூழ்ச்சி செய்யும் மீன் இந்த மூரிஷ் ஐடல்தான். படமெடுத்தவர்கள் மீனை அறிந்தே எடுத்திருக்கிறார்கள்.

நிற்க. நான் தேடிய கோமாளி மீனுக்கு வருகிறேன். அதன் வாழ்வு கடற்சாமந்தியோடு பிணைந்தது. கடற்சாமந்தி பெயருக்குத்தான் பூ. உண்மையில் நச்சுக் கைகள் பலவுடைய விலங்கு. வேறு சிறு மீன் தீண்டினால் மரத்துப்போய் அதற்கு இரையாகும். கோமாளி மீனின் உடற்கோழை அந்நச்சைத் தூண்டுவதில்லை. ஆகவே அக்கைகளின் நடுவிலேயே அது குடியிருக்கிறது. ஏறத்தாழ 30 இனக் கோமாளி மீன்கள் உலகில் உண்டு; அவற்றுக்கு இடம் கொடுக்கும் கடற்சாமந்தி இனங்களோ பத்தே. மன்னார் வளைகுடாவில் 'செபே' என்ற இனம் வாழ்கிறது. படத்தில் வந்த ஆரஞ்சு இனத்தை நம் நாட்டில் இயற்கையாகக் காண வேண்டுமானால் அந்தமான் செல்ல வேண்டும்.

பொழியூரிலிருந்து பூவாறு வழியாகக் கரையோரமாகவே வடமேற்கே சென்றால் விழிஞம். ஆய் மன்னர் காலத்திலிருந்து பேர்பெற்ற துறை. பாண்டியரும் சோழரும் இதற்காகப் பொருதனர். கரையை ஒட்டியே 18 முதல் 20 மீட்டர் வரை இயற்கை ஆழம் இருப்பதால் இங்கே பெருந்துறைமுகம் கட்டும் பணி 2015இல் தொடங்கி, 2025 மே 2ஆம் நாள் அது நாட்டுக்கு ஒப்படைக்கப்பெற்றது. தூர்வாருதலால் கலங்கிய நீரும் படிந்த சேறும் தங்கள் பார்களை மூடிவிட்டன என்பது மீனவர் முறையீடு. 2022இல் மாதக்கணக்கில் போராடினார்கள். துறைமுகத்தால் வரும் நன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் கலங்கல் படிந்தால் கடற்பஞ்சும் பவளமும் மூச்சடைத்து மாளும் என்பது கடலறிவியலின் தொடக்கப் பாடம். அந்த முறையீட்டை வெறும் உணர்ச்சி என்று தள்ளுபவர்கள் அப்பாடத்தைப் படிக்கவில்லை என்றே கொள்ளவேண்டும்.

அதே விழிஞத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது. 1947இல் தொடங்கிய நிறுவனம் அது. நான் சென்ற காலத்தில் அதன் காட்சிச்சாலை பொதுமக்களுக்குத் திறந்திருந்தது. சென்னைக் கடற்கரையில் 1909ஆம் ஆண்டிலேயே எட்கர் தர்ஸ்டன் முயற்சியால் மீன் காட்சிச்சாலை ஒன்று எழுந்தது. நம் முன்னோர் அங்கு வரிசையில் நின்று கண்டவை யாவும் கடலிலிருந்து பிடித்து வந்த மீன்கள். விழிஞத்து மையத்தின் சிறப்பு வேறு: வண்ணமீன்களை இங்கே தொட்டியிலேயே முட்டையிடச் செய்து, குஞ்சு பொரிக்கச் செய்து, வளர்த்தெடுக்கும் முறைகளை ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள்.

கோமாளி மீனின் இல்லறம் விந்தையானது. ஒரு கடற்சாமந்தியில் வாழும் கூட்டத்தில் மிகப் பெரியது பெண், அடுத்தது அதன் துணைவன், எஞ்சியவை இளையவை. பெண் இறந்தால் துணைவனே பெண்ணாக மாறிவிடும். இளையவற்றுள் பெரியது ஆணாகும். (திரைப்படத்தில் தாயை இழந்த நீமோவின் தந்தை, இயற்கையின்படி தாயாகியிருக்க வேண்டும். அதைப் படமாக்கத் துணிவார் இல்லை போலும்.) முட்டைகளைப் பாறையில் வரிசையாக ஒட்டி வைத்தபின், துடுப்பால் விசிறி அவற்றைக் காப்பது தந்தையின் வேலை. ஏறக்குறைய ஒரு வாரத்தில், இருள் சூழ்ந்த பின்னரே அவை பொரிக்கும். வெளிவரும் குஞ்சு 3, 4 மில்லிமீட்டர் நீளமே இருக்கும். அதன் வாய்க்குள் எந்தத் தீனி புகும்? இங்கேதான் ஆய்வாளர்களின் உழைப்பெல்லாம். நுண்பாசியை வளர்த்து, அதைத் தின்னும் ரோட்டிஃபர் என்னும் கண்ணுக்கெட்டாச் சிற்றுயிரை வளர்த்து, அதனைக் குஞ்சுக்கு ஊட்டுகிறார்கள். மூன்று பயிர்களும் ஒரே வேளையில் தயாராக இருக்கவேண்டும். ஒன்று பொய்த்தால் எல்லாம் பொய்க்கும். இரண்டு வாரமளவில் குஞ்சின் மேனியில் வெள்ளைப் பட்டை தோன்றுமாம்.

கோமாளி மீனைப் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தாரும் வளர்த்தெடுத்திருக்கிறார்கள். விழிஞத்தாரோ மேலும் அரிய இனங்களையும் கைவசப்படுத்தினர். மார்சியா ஆந்தியஸ் என்ற மீனை 2017ஆம் ஆண்டளவில் இனப்பெருக்கம் செய்தனர்; ஆந்தியஸ் குடும்பத்தில் பெண்ணே ஆணாக மாறும் என்பது கோமாளி மீனுக்கு நேர்மாறான செய்தி. 2024இல் நீலமேனி டாம்செல் ஒன்றும் கோபி இனம் ஒன்றும் சேர்ந்தன.

தொட்டியில் பிறந்த மீனை வாங்கினால் பார் ஒன்றும் இழப்பதில்லை. அத்துடன் அம்மீன் பிறந்ததிலிருந்தே கண்ணாடிச் சுவரையும் கைத்தீனியையும் அறிந்தது, நெடுநாள் வாழும். நன்கு பேணினால் கோமாளி மீன் 20 ஆண்டுக்கு மேலும் வாழ்ந்ததுண்டு. கடலில் பிடித்ததோ, வலையிலும் பையிலும் பாதி உயிரை விட்டுவிட்டே கடைக்கு வருகிறது. தென்கிழக்காசியக் கடல்கள் சிலவற்றில் மீனை மயக்கிப் பிடிக்கச் சயனைடு நஞ்சைப் பாரில் பீய்ச்சும் கொடுமையும் நடந்திருக்கிறது. எனவே வாங்குமுன், "இது பொரித்து வளர்த்ததா, பிடித்ததா?" என்று கடையில் கேளுங்கள். விடை மழுப்பலானால் வெறுங்கையோடு வந்துவிடுங்கள். தொட்டிக்கு அழகென்று பவளத்தையும் வாங்கவேண்டாம். நம் நாட்டில் 2001 முதல் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை.

என் மகளின் கேள்விக்கும் அங்கேதான் விடை கிடைத்தது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது, அது நஞ்சு. அதனை முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் கடலிலும் பழகிய தொட்டியிலும் உண்டு. புதுத் தொட்டியில் இல்லை. அவை வடிகட்டியில் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் வீதம் கடலுப்பு கலந்த நீரை, மீனின்றியே, அவ்வளவு காலம் ஓடவிட்டுச் சோதிக்க வேண்டும். நாங்களோ முதல் நாளே மீனை விட்டு அதன் கழிவிலேயே அதனைக் கொன்றோம்.

பாரை இழந்த கடலில் பாரை உண்டாக்கவும் முயல்கிறார்கள். கல்லும் மரமும் இட்டு மீன் கூடுமிடம் செய்வது இக்கரை மீனவர்கள் தாமே கண்ட பழைய வழக்கம். 2023இல் அரசும் அதனை மேற்கொண்டு, பொழியூர் முதல் வர்க்கலை வரை 42 மீனவ ஊர்களை ஒட்டிய கடலில் 6,300 கற்காரைக் கட்டுகளை இறக்கும் திட்டத்தைத் தொடங்கியது. திரும்பும் வழியில் முதியவரை மறுபடியும் கண்டு அதுபற்றிக் கேட்டேன். "கல்லில் பாசி பிடிச்சால் மீன் வரும். அதுக்குக் கணிச்சம் நாங்கதான் வைக்கணும்" என்றார்.

ஊர் திரும்பியதும் பழைய தொட்டியைக் கழுவி, உப்புநீர் நிரப்பினோம். இன்று ஐந்தாம் வாரம். மீன் இல்லாத தொட்டியில் நீர் மட்டும் சுழல்கிறது. வருவோர் ஏன் என்று கேட்கிறார்கள். மகள் நாள்தோறும் பள்ளியிலிருந்து வந்ததும் சோதனைக் குழாயில் நீரெடுத்து, அம்மோனியா அளவைச் சுவரில் ஒட்டிய தாளில் குறித்து வருகிறாள். நேற்றும் அது பூஜ்யத்துக்கு வரவில்லை.