நல்லாத்தான் இருக்கு

அப்பா போன பிறகு அவருடைய பழைய நூறு சிசி வண்டியை விற்றுவிடலாம் என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை. நாற்பத்திரண்டு வயதில் நான் கியர் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டது அதனால்தான். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று பாலம் பாலமாகக் கடந்து தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்கு வேலைக்குப் போய்வந்தேன்.

இரண்டு வருடம் கழித்து ஒரு நாள், கண்டியூர் நெருங்கும்போது வண்டி திணறியது. ஆக்சிலேட்டரைத் திருகினால் இழுக்கவில்லை. இருமி இருமி நடுச்சாலையில் நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரி என்னை உரசிக்கொண்டு போனது. ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து உதைத்தால் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பியது. மறுநாளும் அப்படியே.

"சார் வரலையா மேடம்?" என்றார் மெக்கானிக்.

"வண்டிய நான்தான் ஓட்டறேன்."

"சோக்கப் போட்டுட்டே ஓட்டியிருப்பீங்க."

பிளக்கை மாற்றினார். இன்னொருவர் கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினார். மூன்றாமவர் ஏர் ஃபில்டரை மாற்றிவிட்டு, "லேடீஸுக்கு இந்த வண்டி எதுக்கு? ஒரு ஸ்கூட்டி வாங்கிக்கங்க" என்றார். மூன்று பேருமே தெருமுனை வரை ஓட்டிப் பார்த்துத் திரும்பிவந்து ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "நல்லாத்தான் இருக்கு."

அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் ஓட்டிய தூரத்தில் அது நல்லாத்தான் இருந்தது. எனக்கு நின்றதோ எட்டு ஒன்பது கிலோமீட்டர் தாண்டி. அதைச் சொன்னபோது யாருடைய காதிலும் விழவில்லை.

ஒரு டைரியில் எழுத ஆரம்பித்தேன். எத்தனை கிலோமீட்டரில் நின்றது, டேங்கில் எவ்வளவு பெட்ரோல், வெயிலா மழையா. பத்து நாளில் மூன்று விஷயங்கள் தெரிந்தன. காலையில் கிளப்பும்போது தகராறே இல்லை. டேங்கை நிரப்பிய நாளில் சீக்கிரம் நிற்கிறது, பெட்ரோல் குறைந்த நாளில் தாமதமாக நிற்கிறது. திணறும்போது சோக்கை இழுத்தால் இன்னும் கொஞ்ச தூரம் போகிறது. அப்படியானால் பெட்ரோல் இருக்கிறது, கீழே இறங்கத்தான் இல்லை.

அடுத்த முறை நின்றபோது டேங்க் மூடியைத் திறந்தேன். 'உஸ்' என்று காற்று உள்ளே போனது. மூடிவிட்டு உதைத்தேன். முதல் உதையிலேயே கிளம்பியது.

எண்ணெய் டின்னில் ஒரு ஓட்டை மட்டும் போட்டால் எண்ணெய் வராது, எதிர்ப்பக்கம் காற்றுக்கு இன்னொன்று வேண்டும் என்று அம்மா எனக்குச் சின்ன வயதிலேயே சொல்லித் தந்திருக்கிறாள். டேங்க் மூடியிலும் அப்படியொரு சின்னத் துளை உண்டு. அது அடைத்துக்கொண்டால் பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உண்டாகி, மிச்சப் பெட்ரோலை இறங்கவிடாது. கொஞ்ச நேரம் நின்றால் எங்காவது காற்று கசிந்து சரியாகிவிடும். நிரம்பிய டேங்கில் காற்றுக்கு இடம் குறைவு, அதனால் சீக்கிரம் மூச்சு முட்டும். மெக்கானிக் மூடியைக் கழற்றிக் காற்றடித்தபோது துருவும் மண்ணும் வந்தன. "சார் சொன்னாரா மேடம்?" என்று கேட்டார்.

அந்த டைரியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே மாதங்களில் நானும் நின்று நின்றுதான் போய்க்கொண்டிருந்தேன். இரண்டாம் மாடி வகுப்புக்கு ஏறுவதற்குள் இரண்டு முறை கைப்பிடியைப் பிடித்து நிற்பேன். மாதவிலக்கு பத்து நாள் வரை நீண்டது. மருத்துவரிடம் போனேன். என்னை நிமிர்ந்து பார்க்காமலே, "இந்த வயசுல எல்லாருக்கும் அப்படித்தான். டென்ஷன் ஆகாதீங்க" என்றார். "சரிங்க டாக்டர்" என்று எழுந்து வந்துவிட்டேன்.

வண்டிக்காக மூன்று மெக்கானிக்குகளிடம் வாதாடியவள் என் உடம்புக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. ஆண்கள் வேலை என்று சொல்லப்பட்டதில் எனக்கு வீம்பு வந்தது. பெண்ணுடம்பின் சிரமத்தைப் பொறுத்துக்கொள்வதோ பழகிப்போயிருந்தது.

டைரியைப் பின்பக்கமாகத் திருப்பி எழுதினேன். எத்தனை நாள், எத்தனை நாப்கின், எத்தனையாவது படியில் மூச்சு வாங்கியது. இரண்டு மாதக் கணக்கை வேறொரு மருத்துவரிடம் நீட்டினேன். அவர் முழுவதையும் படித்தார், பிறகு ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் எழுதினார். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை. எனக்கு 7.1 இருந்தது. கருப்பையில் கட்டி. சிகிச்சை எடுத்துக்கொண்டேன். இப்போது மாடிப்படியை நிற்காமல் ஏறுகிறேன்.

குறளில் 'மருந்து' அதிகாரத்தைப் பதினெட்டு வருடமாக நடத்துகிறேன். அதன் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறது. நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து கவனிப்பவர். நோயாளிதான் முதலில். தேர்வுக்கான விடையாக எத்தனையோ முறை அதைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். நோயாளிக்கும் அதில் ஒரு வேலை உண்டு என்பது எனக்கு உறைத்ததில்லை.

வண்டி இன்னும் ஓடுகிறது. பழைய வண்டி, ஏதாவது வந்துகொண்டுதான் இருக்கும். மெக்கானிக்கிடம் விடும்போது இப்போதெல்லாம் தவறாமல் ஒன்று சொல்கிறேன்: "தெருமுனையோட திரும்பிடாதீங்க தம்பி. கண்டியூர் வரைக்கும் ஓட்டிப் பாருங்க. பெட்ரோல் நான் போட்டுத் தரேன்."