தனிநாயகம் அடிகளாருக்கு, செடெனாக்கிலிருந்து

மதிப்பிற்குரிய தனிநாயகம் அடிகளாருக்கு,

1980 செப்டம்பர் 1ஆம் நாள் மறைந்துபோன உங்களுக்கு இந்த மடல் வந்து சேராது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். உங்களிடம் சொல்கிற சாக்கில் மற்றவர்கள் காதிலும் போட வேண்டிய சில செய்திகள் இருக்கின்றன.

செடெனாக் உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஜொகூரில் கூலாயைத் தாண்டி வடக்கே போனால் நெடுஞ்சாலையில் ஒரு டோல் வரும், அதுதான் ஊர். வட்டாரத்தில் முதலில் ரப்பர், பிறகு செம்பனை. இப்போது செம்பனைக்குப் பக்கத்திலேயே கணினித் தரவு மையங்கள் எழும்புகின்றன. என் தாத்தா பால்மரம் வெட்டியவர். நான் தமிழ்ப்பள்ளியில் பாடம் சொல்லி ஓய்வு பெற்றவன். மாரியம்மன் கோயில் திருவிழாவில் வளர்ந்தவன் ஒரு கத்தோலிக்கக் குருவுக்கு ஏன் நன்றி எழுதுகிறான் என்று எங்கள் பக்கத்திலேயே கேட்பார்கள். கேட்கட்டும்.

முதலில் ஒரு கணக்கு. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமையவிருந்தபோது, சமஸ்கிருதத்துக்கு முதலிடம் தரலாம் என்றொரு யோசனை எழுந்தது. தமிழவேள் கோ. சாரங்கபாணி தம் ‘தமிழ் முரசு’ நாளிதழில் அதை எதிர்த்து எழுதினார். எழுதியதோடு நிற்காமல் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி. அந்த வெள்ளி பெரும்பாலும் தோட்டத்தில் விடிகாலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, ஓடிய சனங்களின் மடியிலிருந்து வந்தது. பல்கலைக்கழகம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அறியாதவர்கள் அதன் நூலகத்துக்குத் தமிழ்ப் புத்தகம் வாங்கக் கொடுத்தார்கள். என் தாத்தாவும் கொடுத்தார் என்பது வீட்டுப் பேச்சு. ரசீது இல்லை. சான்று இல்லாமல் பேசக்கூடாது என்பது உங்கள் வழி என்பதால் அதை அங்கேயே விடுகிறேன்.

1961இல் நீங்கள் கோலாலம்பூர் வந்து அந்தத் துறையின் தலைமையை ஏற்றீர்கள். அந்த ஒரு வெள்ளியை வீணாக்காமல் காப்பாற்றியவர் நீங்கள். நன்றியின் காரணத்தை ஒரே வரியில் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

நீங்கள் தமிழுக்கு வந்த வழியே விசித்திரமானது. 1913இல் ஊர்காவற்றுறைக் கரம்பொனில் பிறப்பு. யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் ஆங்கிலப் படிப்பு. கொழும்பில் குருமடம், பிறகு ரோமாபுரி. 1938இல் அங்கேயே குருப்பட்டம். இலத்தீனும் இத்தாலியமும் கைவந்த பிறகுதான், 1940இல் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்துப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தபோது, உங்கள் தமிழ் போதாது என்று உங்களுக்கே உறைத்தது. ஒரு பண்டிதர் முன்னால் மாணவராக உட்கார்ந்தீர்கள். அதற்குப் பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகம். முப்பது வயதைத் தாண்டிய குரு ஒருவர், கல்லூரிப் பையன்களோடு சங்கப் பாட்டைப் படித்தார். தமிழ் வராது என்று கையை விரிக்கிற நம் பெற்றோர்களுக்கு இந்தப் பகுதியை வகுப்பில் நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். சிலர் சிரித்தார்கள். சிலர் பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் சேர்த்தார்கள்.

அண்ணாமலையில் நீங்கள் எடுத்துக்கொண்ட பொருள் பண்டைத் தமிழ்க் கவிதையில் இயற்கை. குறிஞ்சி, முல்லை என்று நாங்கள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்ததை, கிரேக்க, இலத்தீன் கவிதைகளின் பக்கத்தில் வைத்து, இந்தக் கவிகள் நிலத்தைப் பார்த்த விதம் தனி என்று பொறுமையாக விளக்கினீர்கள். காட்டை அழித்து வரிசை பிசகாமல் மரம் நட்ட மண்ணில் வளர்ந்தவன் நான். ஐந்திணையில் எங்கள் தோட்டம் எதில் சேரும் என்று உங்கள் அந்த ஆய்வைப் படித்தபோதுதான் முதன்முதலாக யோசித்தேன். இன்னும் விடை கிடைக்கவில்லை.

வெளியிலிருந்து பாதிரிமார்கள் வந்து தமிழ் கற்ற கதை நமக்குப் பழக்கம். வீரமாமுனிவர், போப் என்று சிலை வைத்திருக்கிறோம். நீங்கள் எதிர்த்திசையில் நடந்தீர்கள். தமிழைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனீர்கள். 1952இல் ‘தமிழ் கல்ச்சர்’ என்ற ஆங்கில ஏட்டைத் தொடங்கியபோது, தமிழைப் பற்றி ஏன் ஆங்கிலத்தில் என்று முகம் சுளித்தவர்கள் இருந்திருப்பார்கள். நமக்குள்ளேயே எத்தனை மேடை போட்டாலும் பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கேட்காது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. தாய்லாந்து அரச சடங்கில் திருவெம்பாவை ஒலிப்பதை எழுதினீர்கள். 1554இல் லிஸ்பனில் ரோமன் எழுத்தில் அச்சான தமிழ் நூலைப் பற்றிப் பேசினீர்கள்.

வத்திக்கான் நூலகத்தில் அந்தாம் தெ புரோவென்சாவின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி கிடந்தது. 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சானது. அதைப் படம் பிடித்து, 1966இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வழியாக மறுபதிப்பாகக் கொண்டுவந்தீர்கள். ரோமில் கிடைத்த, கேரளத்தில் அச்சான தமிழ் அகராதிக்கு மறுபிறவி கோலாலம்பூரில்! யோசித்துப் பார்த்தால், பால்மரத் தொழிலாளியின் வெள்ளியில் வளர்ந்த துறை அது. பரம்பரைச் செல்வர்கள் கட்டிய நகரங்களுக்குக் கிடைக்காத பெருமை.

பலரும் உங்களை நினைப்பது மாநாட்டை வைத்துத்தான். 1964 ஜனவரியில் டெல்லியில் கீழைத்தேயவியலாளர் மாநாடு கூடியபோது, மொழியியலாளர் வ.அய். சுப்பிரமணியத்தோடு சேர்ந்து தமிழறிஞர்களைத் தனியே கூட்டி, உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தைத் தொடங்கினீர்கள். பிரான்சின் ஃபிலியோசா தலைவர். நீங்களும் செக் நாட்டுக் கமில் சுவெலெபிலும் செயலாளர்கள். முதல் மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில். துங்கு அப்துல் ரஹ்மான் திறந்து வைத்தார். சிங்கப்பூர் பிரிந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, விற்கப்பட்டு, லயத்துச் சனம் எங்கே போவதென்று திகைத்திருந்த காலமும் அதுதான். நாளை வேலை இருக்குமா, குடியுரிமை கிடைக்குமா என்று தெரியாதவர்களின் மொழியைப் பற்றி நாட்டின் பிரதமர் முன்னிலையில் ஐரோப்பியப் பேராசிரியர்கள் கட்டுரை வாசித்தார்கள். அதனால் ஒருவருக்கும் அரைக்காசு சம்பளம் கூடவில்லை, உண்மை. ஆனால் தோட்டத்து மொழி என்று எழுத்தர்களான கிராணிமார் இளக்காரமாகப் பேசியதற்கு எங்கள் அப்பாவிடம் ஒரு பதில் இருந்தது. அதை அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு சென்னை, பாரிஸ், 1974இல் யாழ்ப்பாணம். யாழ்ப்பாண மாநாட்டின் கடைசி இரவில் உயிர்கள் போயின. உங்கள் சொந்த மண்ணில், நீங்கள் விதைத்த ஒன்றின் முடிவில். அதைப் பற்றி விரித்து எழுத எனக்கு மனம் இல்லை.

சொல்லித்தான் ஆக வேண்டிய ஒன்று. நீங்கள் தொடங்கிய மாநாடு பிற்காலத்தில் பல இடங்களில் ஊர்வலமாகவும் வளைவாகவும் தோரணமாகவும் மாறிவிட்டது. தமிழை வாழ்த்தப் பத்தாயிரம் பேர் வருகிறார்கள். ஆராய வருபவர்கள் பின்வரிசையில். வாழ்த்துவது தப்பில்லை. நீங்கள் கேட்டது அதை இல்லை என்பதுதான் சங்கடம்.

அதனால்தான் நான் அதிகம் நன்றி சொல்வது, யாரும் மேடையில் குறிப்பிடாத ஒரு புத்தகத்துக்கு. அதே 1966இல் வந்த தமிழாய்வு நூல்களின் குறிப்புதவிப் பட்டியல். நூலாசிரியர், தலைப்பு, ஊர், ஆண்டு. அவ்வளவுதான். கவிதை இல்லை, முழக்கம் இல்லை. இப்படிப்பட்ட வேலைக்கு மாலை விழாது. எங்கோ ஒரு நாட்டில் ஒரு மாணவர் தமிழைப் பற்றி எதைப் படிக்கலாம் என்று கேட்டால், கையை நீட்டிக் காட்ட ஒரு இடம் வேண்டும் என்று நினைத்தீர்களே, அந்த அக்கறைக்கு.

அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் இங்கே நாங்கள் சிலர் ஒரு வேலை ஆரம்பித்திருக்கிறோம். ஜொகூர்த் தோட்டங்களில் அச்சான கோயில் திருவிழா மலர்கள், பள்ளி ஆண்டு மலர்கள், சங்க அறிக்கைகள், இளைஞர் மணிமன்றக் கையெழுத்து ஏடுகள், எதுவும் பாக்கி இல்லாமல். தோட்டம் மூடினால் முதலில் பழைய பேப்பர்க்காரனிடம் போவது இவைதான். உங்கள் முறையிலேயே பதிகிறோம். ஆண்டு தெரியாத இடத்தில் கோடு போட்டு விடுகிறோம், ஊகத்தை எழுதுவதில்லை. கூலாய் வட்டாரம் பாதி முடிந்திருக்கிறது. குளுவாங் பக்கம் இன்னும் போகவில்லை. வீட்டுப் பரணில் இப்படி ஏதாவது வைத்திருப்பவர்கள் எடைக்குப் போடுமுன் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.


ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
செடெனாக், ஜொகூர்