மேரியின் பியானோ

2005 இல் வெளிவந்த 'பிரைட் அன்ட் பிரிஜுடிஸ்' படத்தை இந்த விடுமுறையிலும் போட்டுப் பார்த்தோம். வீட்டில் நாங்கள் இருவருமே ஆசிரியர்கள், கதை மனப்பாடம். அதனால் இம்முறை இசையை மாத்திரம் கவனிப்போம் என்று உட்கார்ந்தோம்.

இசையமைத்தவர் டாரியோ மரியனெல்லி. பியானோ வாசித்திருப்பவர் பிரெஞ்சுக் கலைஞர் ஜோன் ஈவ் திபோதே. கூடவே இங்கிலிஷ் சேம்பர் ஓர்கெஸ்ட்ரா. ஜேன் ஒஸ்டினின் நாவல் அச்சானது 1813 இல் என்றாலும், அவர் அதை முதலில் எழுதியது 1790களில். இயக்குநர் ஜோ ரைட் கதையை அந்தக் காலத்துக்கே கொண்டுபோகிறார். மரியனெல்லியும் அதற்கேற்ப இளம் பீத்தோவனின் பியானோ சொனாட்டாக்களிலிருந்து தொடங்கியிருக்கிறார். நடிகர்கள் திரையில் பியானோ வாசிக்க வேண்டியிருந்ததால், சில மெட்டுகளைப் படப்பிடிப்புக்கு முன்பே எழுதிக் கொடுக்க வேண்டியும் இருந்தது.

எங்களைப் பிடித்து நிறுத்தியது ஆரம்பக் காட்சிதான். விடியற்காலை. பறவைச் சத்தம். தனியே ஒரு பியானோ. எலிசபெத் புத்தகத்தை வாசித்தபடி நடந்து வருகிறாள். பின்னணி இசை என்றுதானே நினைப்போம்? கெமரா வீட்டுக்குள் நுழைகிறது. அங்கே மூன்றாவது மகள் மேரி பியானோவின் முன்னால் இருக்கிறாள்!

ஐந்து குமருள்ள வீடு அது. தகப்பன் மௌத்தானால் வீடும் காணியும் ஓர் ஆண் உறவினருக்குப் போய்விடும். மற்றப் பிள்ளைகளுக்கு அழகு இருக்கிறது, வாய் இருக்கிறது. மேரிக்கு இருப்பது பயிற்சி மட்டும். ஆனால் அந்த வீட்டில் யாரும் அதைக் காது கொடுத்துக் கேட்பதில்லை. விருந்தில், சபை நடுவே, வாப்பாவே வந்து அவளை நிறுத்திவிடுகிறார். பிறகு அவரது தோளில் சாய்ந்து அழுகிறாள். (அந்த அழுகை நாவலில் இல்லை. படத்தில் சேர்த்தது நல்ல வேலை.) கலைவிழா மேடைகளில் "நேரமாகிறது, முடியுங்கள்" என்று சொல்லப்பட்ட பிள்ளைகளின் முகங்கள் எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

பிறகு பெம்பர்லி மாளிகை. எங்கோ ஓர் அறையில் பியானோ கேட்கிறது. சத்தம் வந்த பக்கமாகப் போய், கதவிடுக்கில் நின்று கேட்கிறாள் எலிசபெத். வாசிப்பது டார்சியின் தங்கை ஜோர்ஜியானா. சொந்தத் தங்கையின் வாசிப்புக்கு அவள் இப்படி ஒருநாள் நின்றாளா?

இதில் எங்களுக்குள் சின்ன வாக்குவாதம். ஜோர்ஜியானா உண்மையிலேயே நன்றாக வாசிக்கிறாள் என்பது ஒரு கட்சி. நல்ல கருவியும், நல்ல ஆசிரியரும், அமைதியான அறையும் இருந்தால் மேரியும் வாசித்திருப்பாள் என்பது மறு கட்சி. இஷாத் தொழுகைக்குப் பிறகும் அது முடியவில்லை.

இந்த இசை ஒஸ்காருக்குப் பரிந்துரையானது, கிடைக்கவில்லை. பிறகு 'அடோன்மென்ட்' படத்துக்காக மரியனெல்லி அதை வாங்கினார். அதில் தட்டச்சு இயந்திரத்தின் சத்தமே ஒரு வாத்தியம்.

இசைத்தட்டின் பட்டியலையும் எடுத்துப் பார்த்தோம். ஜோர்ஜியானாவின் பெயரில் ஒரு மெட்டு இருக்கிறது. மேரியின் பெயரில் எதுவும் இல்லை. முதலாவது மெட்டின் பெயர் 'விடியல்'.